வண்டியின் வாலும் ஷாக் அப்சார்பரும்

நெய்வேலியில் 1961ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி வெளிப்பட்ட நாள் முதல் அந்நகர்ச் சாலைகளுக்கு ஓய்வென்பதில்லை. ஆங்குப் பொருளேற்றித் திரியும் பிக்கப் வண்டிகளும் பல. பாரம் ஏறியவுடன் வண்டியின் வால் தாழ, முகவிளக்கு மேல்நோக்கி, இரவில் எதிர்வருவார் கண்களைக் கூசச் செய்யும். உடனே 'ஷாக் போயிற்று' என்று புதியன வாங்கி மாட்டுவர். பணம் கழிந்தது, வால் எழவில்லை. யானும் ஒருமுறை அவ்வாறு ஏமாந்தவனே.

பாரத்தைச் சுமப்பது கமான் பட்டை. அப்பட்டை மேலுங்கீழும் ஆடுங்கால், அவ்வாட்டத்தை அடக்குவது ஒன்றே ஷாக் அப்சார்பரின் தொழில். குழலினுள் எண்ணெய் சிறு துளைகளின் வழியே பிதுங்கிச் செல்ல, ஆட்டத்தின் விசை வெப்பமாய்க் கழிகின்றது. வண்டியின் மூலையை அழுத்தி விடுக; ஓரிரு முறைக்குமேல் ஊசலாடினாலும், குழலில் எண்ணெய் கசிந்தாலும் மாற்றவேண்டும். ஓர் அச்சின் இருபுறமும் ஒருங்கே மாற்றுதல் முறை. மேடுபள்ளமான வழியில் எண்ணெய் சூடேறி நுரைத்து வலியிழக்கும். ஆதலின் நைட்ரஜன் வாயு அடைத்த வகை, விலை மிகினும், நன்று.

தாழ்ந்த வாலுக்கு மருந்து வேறு. நாள்தோறும் பாரம் ஏற்றுவோர் ஒரு பட்டை கூட்டலாம். ஆயினும் அச்சும் பிரேக்கும் பழையனவே ஆதலால், குறித்த எடைக்குமேல் ஏற்றலாகாது. எப்போதேனும் ஏற்றுவோர்க்கு, பாரம் வருங்கால் மட்டும் தாங்கும் துணைப்பட்டையே தக்கது. இன்றேல் வெறுவண்டி எலும்பை உலுக்கிவிடும்.

சிலர் முன்புறத்தை உயர்த்திச் சமன் செய்கின்றனர். வெறுவண்டி பின்னுயர்ந்து நிற்பது வரவிருக்கும் பாரத்தை எண்ணியே என்பதை மறந்தனர் போலும்! உயர்த்தியே தீருவேம் என்பார், அவ்வுயரத்திற்கேற்ற நீளமுள்ள ஷாக்கையும் கேட்டு வாங்குவாராக. பழையது முழுதும் இழுபட்டு அறுந்துபோம்.