பன்னிரண்டு துண்டாக ஒரு கச்சேரி

சேத்துப்பட்டு: ஆரணிப் பக்கத்துப் பட்டுத்தறியில் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்துவார், முடிச்சுப் போடுவார், நாடா மறுபடி ஓடும். 1932 ஜூலையில் லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் வயலினோடு நின்ற யெஹுதி மெனுஹினுக்கு அந்த வசதி இல்லை. வயது 16.

வாசித்தது இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரின் வயலின் கான்செர்டோ. நம் கச்சேரியில் வயலின் பாடகரின் பின்னால் போகும். கான்செர்டோவில் தலைகீழ்: ஒற்றை வயலின் முன்னால் நிற்க, மொத்த வாத்தியக் குழுவும் அதற்குப் பதில் சொல்லும். நடுவே வயலின் தனித்து வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. பொதுவாக மற்றவர்கள் அப்போது சும்மா இருப்பார்கள். எல்கர் இருக்கவிடவில்லை. பின்னாலிருக்கும் வயலின்காரர்கள் வில்லை விட்டுவிட்டு விரலால் தந்திகளை மெல்ல வருட, ஏறத்தாழ நம் தம்புராபோல ஒரு முணுமுணுப்பு எழும். அந்த இடத்துக்காகவே இதைக் கேட்கலாம்.

கிட்டத்தட்ட 50 நிமிட இசை. அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கம் கொள்வதோ நாலு, நாலரை நிமிடம். ஆகவே ஆறு தட்டு, பன்னிரண்டு பக்கம். பதிவாகும்போது மெழுகுத் தட்டில் ஊசி கீறிக்கொண்டே போகும்; ஒரு சுரம் பிசகினால் அந்தப் பக்கம் முழுக்க வீண், முதலிலிருந்து வாசிக்க வேண்டும். வாசித்ததை உடனே போட்டுக் கேட்டாலும் மெழுகு கெட்டுவிடும்.

இந்தப் பதிவுக்கு ஏற்பாடு செய்தவர் பிரெட் கெய்ஸ்பர்க். 1902இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிவு செய்த அதே ஆள்தான்.

பதிவுக்கு முன் ஒத்திகைக்கு வந்த 75 வயது எல்கர், பையன் வாசித்ததைக் கொஞ்சம் கேட்டார். திருத்த ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் குதிரைப் பந்தயம் பார்க்கக் கிளம்பிவிட்டார் என்று மெனுஹின் பிற்பாடு சொல்வார். பதிவன்று லண்டன் சிம்பொனி குழுவை நடத்தியவரும் எல்கரே. ஒன்றரை ஆண்டில், 1934 பிப்ரவரியில், அவர் இறந்துபோனார்.

இன்று அந்தப் பன்னிரண்டு பக்கங்களையும் ஒட்டி, ஒரே ஓட்டமாகக் கைப்பேசியிலேயே கேட்கலாம். தறிச் சத்தம் ஓய்ந்த பிறகு, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள். சில இடங்களில் பின்னணி இரைச்சல் லேசாக மாறும். ஒரு பக்கம் முடிந்து அடுத்தது தொடங்கிய முடிச்சு அது.