வயல் வாயிலும் வண்டிப் பாரமும்

சிறு குடியானவர் ஒருவர் தமது வண்டிக்கு நேர்ந்த சேதங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாராயின், அவற்றுள் பல, சந்தைக்குச் செல்லும் பெரிய சாலையில் நேர்ந்தவையல்ல என்பதும், தமது நிலத்துக்குள் நுழையும் கடைசி ஐம்பது அடி தூரத்தில் நேர்ந்தவை என்பதும் விளங்கும். இருசு முறிதல், மூட்டை சரிதல், சக்கரம் சேற்றில் புதைதல், மாடு முழந்தாளிட்டு விழுதல் ஆகிய இவை தனித்தனியே பார்க்குங்கால் அற்பமாகத் தோன்றும். ஆயினும், அறுவடைக் காலத்தில் இருசு முறிந்து இரண்டு நாள் வண்டி நின்றால், களத்தில் கிடக்கும் நெல் மழைக்கு ஆளாகிறது. மாட்டின் கால் மடங்கினால் அவ்வருஷத்து உழவே தடைப்படுகிறது.

இரண்டு ஏக்கர் நன்செய் உடையவரின் கணக்கைப் பார்ப்போம். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் வீதம் 10 டன் எரு உள்ளே வரவேண்டும். ஏக்கருக்கு 2 டன் நெல் கண்டால் 4 டன் வெளியே போகவேண்டும். வைக்கோலும் ஏறக்குறைய அதே எடை இருக்கும். ஆக, ஒரு போகத்தில் 18 டன் பாரம் வரப்பிலுள்ள ஒரே வாயில் வழியாகக் கடக்கிறது. நடைக்கு அரை டன் என்று கொண்டால் 36 நடை ஆகும்; வைக்கோல் இடத்தை அடைக்கும் பொருளாதலால் நடை இன்னும் கூடுமேயன்றிக் குறையாது. இவ்வளவு பாரம் கடக்கும் வாயிலுக்கு ஒரு நாள் கூலியேனும் செலவிடாத குடியானவர்கள் பலர். வண்டிக்கு வர்ணம் பூசச் செலவிடுவதில் மட்டும் குறைவு வைப்பதில்லை.

வாயிலில் மாடு திணறுவது ஏன் என்பதைச் சிறிது விளக்குவது அவசியம். வண்டியும் பாரமும் சேர்ந்து 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டடி உயரமுள்ள வரப்பின்மேல் ஆறடி தூரத்தில் ஏறும்படி சரிவு அமைந்திருந்தால், சமதரையில் இழுப்பதற்கு வேண்டிய பலத்துக்கு மேல் 300 கிலோவுக்கும் அதிகமான இழுப்பு தேவைப்படும். அதே இரண்டடி உயரத்தை இருபதடி தூரத்தில் ஏறும்படி சரிவை நீட்டிவிட்டால், அதிகப்படியான இழுப்பு சுமார் 100 கிலோவாகக் குறைந்துவிடும். ஒரு மாடு தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவே நெடுநேரம் இழுக்கவல்லது. 300 கிலோ எடையுள்ள மாடுகள் இரண்டு பூட்டியிருந்தால் அது 60 கிலோ ஆகும். சில விநாடிகளுக்கு மட்டும் இதைப்போல் பலமடங்கு தம் கட்டி இழுக்கும். குத்தான ஏற்றத்தில் அந்தத் தம் பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது. வண்டி பின்னோக்கி உருள்கிறது. மாடு சறுக்கி விழுகிறது. அச்சமயம் தார்க்குச்சியால் குத்துவதனால் யாதொரு பயனும் இல்லை. குற்றம் மாட்டினுடையதன்று, மண்வெட்டி படாத வரப்பினுடையது.

ஆகவே, சரிவை வரப்பின் இருபுறமும் நீட்டி, பத்தடி அகலம் வைத்து, உடைந்த செங்கல் அல்லது சரளை பரப்பிக் கெட்டிப்படுத்த வேண்டும். சரிவு வரப்பை நேர்குறுக்காக வெட்டிச் செல்லவேண்டுமென்பது முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது. சாய்வாகச் சென்றால் ஒரு சக்கரம் முதலில் ஏறி, பாரம் முழுவதும் மற்றச் சக்கரத்தின்மேல் விழும். இருசு முறிவதும் வண்டி குடை சாய்வதும் பெரும்பாலும் இவ்விதமே. வாய்க்காலைக் கடக்க வேண்டியிருந்தால் சிமெண்டுக் குழாயை வழியின் அகலத்துக்கு மேலும் இருபுறம் நீண்டிருக்குமாறு பதித்து, அதன்மேல் ஓரடிக்குக் குறையாமல் மண் இட்டுத் திமிசு போடவேண்டும். மேல்மண் மெல்லியதாயிருந்தால் முதல் லாரியிலேயே குழாய் நொறுங்கும்.

இனி ஏற்றும் முறை. இரட்டைச் சக்கர வண்டி தராசைப் போன்றது. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு குரல்வளையை இறுக்கும். சமதரையில் சிறிது முன்பாரமாக இருப்பதே சரி. ஏற்றத்தில் ஏறும்போது பாரம் பின்னுக்கும், இறக்கத்தில் முன்னுக்கும் மாறும் என்பதையும், பாரம் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு அம்மாறுதல் அதிகம் என்பதையும் மறக்கலாகாது. கனமான மூட்டைகளை அடியில் இருசுக்கு நேராக வைத்து, இலேசானவற்றை மேலே அடுக்குக. வைக்கோல் பாரத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறிட்டு இறுக்காமல் வரப்பேற்றுவது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதாகும்.

மூட்டை எண்ணிக்கையைக் கொண்டு எடையை மதிப்பதும் தவறு. நெல் கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. யூரியா மூட்டை 2018ஆம் ஆண்டு முதல் 45 கிலோ. சிமெண்டு மூட்டை 50 கிலோ. இருபது மூட்டை என்பது முறையே 800, 900, 1,000 கிலோ ஆகிறது. வண்டியிழுக்கும் கால்நடைகளைப் பற்றிய 1965ஆம் வருஷத்து இந்திய விதிகள் நடுத்தர எருது ஒன்றுக்கு இரட்டைச் சக்கர வண்டியில் காற்று டயர் இல்லாவிடில் 700 கிலோ என்றும், காற்று டயர் இருந்தால் 1,050 கிலோ என்றும், குண்டுப் பேரிங்கு பொருத்தியிருந்தால் 1,400 கிலோ என்றும் வரம்பு கட்டியுள்ளன. பத்தடிக்கு ஓரடிக்கு மேல் உயரும் நீண்ட ஏற்றமாயின் அதில் பாதியே ஏற்றலாம். இவை சாலைக்கு வகுத்தவை; உழுத மண்ணுக்கும் சேற்றுக்கும் அல்ல.

மரச்சக்கர வண்டி இன்னும் வைத்திருப்போர் கோடையில் வட்டையையும் குடத்தையும் தட்டிப் பார்ப்பது நலம். மரம் உலர்ந்து சுருங்கினால் இரும்புப் பட்டை தளரும். இரவு முழுவதும் சக்கரத்தைக் குளத்தில் நிறுத்தி வைக்கும் பழைய வழக்கம் இதன் பொருட்டே ஏற்பட்டது.

டிராக்டரும் டிரெயிலரும் வந்த இடங்களில் விபத்தின் தன்மை மாறிவிட்டது. முன்பு மாடு விழுந்தது. இப்போது மனிதர் உயிரிழக்கிறார். பின்சக்கரங்கள் சேற்றில் அழுந்தியபோது அவற்றின் முன் கட்டையைக் கட்டி முன்னோக்கி முடுக்கும் வழக்கம் மிகவும் கொடியது. சக்கரம் உருள வழியில்லாததால், இயந்திரத்தின் பலம் டிராக்டரின் முன்பாகத்தையே மேலே தூக்கி, ஓட்டுபவர்மேல் பின்புறமாகக் கவிழ்த்துவிடும். குதித்துத் தப்ப ஒரு விநாடியும் கிடைப்பதில்லை. இழுசங்கிலியைப் பின் அச்சுக்கு மேலான இடத்தில் மாட்டினாலும் இவ்விதமே நேரும். பாரத்தைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் பின்னுள்ள சேற்றை வெட்டி, பின்னோக்கியே வெளியேற வேண்டும். கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காதபடி காக்கும் இரும்பு வளைவைப் புதிய டிராக்டர்களில் சுவீடன் தேசம் 1959ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கியது. வளைவுள்ள டிராக்டரில் இருக்கைப் பட்டையும் அணிந்தால்தான் முழுப் பயன் உண்டு. பிரேக்கு இல்லாத டிரெயிலர் இறக்கத்தில் டிராக்டரைத் தள்ளும். ஆதலால் இறங்குமுன்பே குறைந்த கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பவர் டில்லரில் இன்னொரு சூட்சுமம் உண்டு. இறக்கத்தில் இடது கிளச்சைப் பிடித்தால் அது வலப்புறம் திரும்பும். வலது கிளச்சைப் பிடித்தால் இடப்புறம் திரும்பும். இதை அறியாமல் வாய்க்காலுக்குள் இறக்கினவர்கள் உண்டு.

எருவோ மணலோ கொண்டுவரும் லாரி ஓட்டுநருக்கு நிலத்தின் இயல்பு தெரியாது. முந்தின நாள் தண்ணீர் பாய்ந்தது எந்தப் பாத்தி, குழாய் புதைந்திருப்பது எங்கே என்பவற்றை அறிந்தவர் நிலத்துக்குரியவர் ஒருவரே. அவர் வீட்டில் இருந்துகொண்டு, இறக்கிவிட்டுப் போகச் சொல்வது தகாது. வாயிலுக்கு வந்து நின்று வழிகாட்டுக; தரை ஈரமாயிருந்தால் சாலையோரத்தில் இடையூறில்லாத இடத்திலேயே இறக்கச் செய்து, சிறு வண்டியில் உள்ளே கொண்டுபோகுக. மூட்டைகளை எண்ணி, கிழிந்தவற்றைச் சீட்டில் குறித்த பின்னரே கையெழுத்திட வேண்டும்; வண்டி போன பிறகு சொல்லும் குறையை ஏற்பார் இல்லை.

டிப்பர் லாரி தொட்டியைத் தூக்குமுன் தலைக்கு மேல் மின்கம்பி செல்கிறதா என்று பார்ப்பது தவறக்கூடாத காரியம். தொட்டி கம்பியில் பட்டுவிட்டால், தீப்பற்றினாலொழிய ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே இருக்கவேண்டும். மற்றவர்கள் வண்டியைத் தொடாமல் தூர விலகி, மின்சார அலுவலகத்துக்குத் தெரிவித்து மின்னோட்டத்தை நிறுத்தச் செய்யவேண்டும். இறங்கியே தீரவேண்டுமாயின், வண்டியையும் தரையையும் ஒருங்கே தொடாதபடி இரண்டு கால்களையும் சேர்த்துக் குதித்து, காலை எடுத்து வைக்காமல், சேர்த்த பாதங்களுடனே சிறு சிறு தத்தலாக விலகவேண்டும். உயரமாக வைக்கோல் ஏற்றிய வண்டிக்கும், தாழ்ந்து தொங்கும் கம்பியின் கீழ் இதே ஆபத்து உண்டு.

சரிவு செப்பனிட ஏற்ற காலம் கோடை உழவு முடிந்து முதல் மழை பெய்வதற்கு இடைப்பட்ட நாட்களாகும். இரண்டு ஆட்கள் ஒரு நாளில் செய்து முடிக்கலாம். மீந்த செங்கல் துண்டுகளை வாயிலின் அருகிலேயே குவித்து வைத்தால், ஐப்பசி அடைமழையில் சக்கரத்தடம் பள்ளமாகும்போது உடனுக்குடன் நிரப்ப உதவும்.