சபை கூடிய இடம்

அம்பாசமுத்திரத்தில் 'சபை எங்கே கூடியது?' என்று கேட்டுப் போனால் காட்டுவதற்குத் தனிக் கட்டடம் இல்லை. எரிச்சாவுடையார் கோயிலில் கிடைத்த வட்டெழுத்துக் கல்வெட்டுதான் உண்டு. ஆயிரத்து நூறு வருடங்களுக்கும் முந்தையது. அப்போது இந்த ஊர் முள்ளி நாட்டு இளங்கோக்குடி. வரகுண மகாராசன் தொண்டை நாட்டில் பெண்ணைக் கரை அரசூரில் இருந்துகொண்டு, கோயில் வழிபாட்டுக்காக 290 காசை இவ்வூர்ச் சபையிடம் கொடுக்கிறான். முதலைத் தொடக்கூடாது, காசுக்கு இரண்டு கலம் வீதம் வருடத்துக்கு 580 கலம் நெல் வட்டியாக அளக்க வேண்டும். அரசனிடமே முதல் வாங்கி வட்டி அளக்கிற அளவுக்கு நிலமும் நீரும் கணக்கும் அந்தச் சபையின் கையில் இருந்திருக்கின்றன.

சபைகள் பெரும்பாலும் கோயில் மண்டபத்திலோ மரத்தடியிலோ கூடின. சபைக்கான மண்டபத்தைக் கண்ணால் பார்க்க உத்திரமேரூருக்குத்தான் போக வேண்டும். கருங்கல் பலகைகளால் ஆன நீள்சதுர மண்டபம். இன்று வைகுந்தப்பெருமாள் கோயில். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் வருடக் கல்வெட்டுகள் அதன் சுவரில் இருக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, விவரம் தெரியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய உறவுக்காரர்களும் நிற்க முடியாது. இந்த ஒரு விதி நம்முடைய இன்றைய பஞ்சாயத்துகளுக்கு வந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்!

சரி, குடத்துக்குள் யார் பெயர் போகும்? வரி கட்டுகிற கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், வேதப் பயிற்சி. இது பிரம்மதேயத்துச் சபை. பெண்ணுக்கும் உழுத கைக்கும் அங்கே ஓலை கிடையாது. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் தீண்டாச்சேரி என்று தனியாகவே ஒரு இடம் பேசப்படுகிறது. மண்டபத்தின் சுவர் உள்ளே இருப்பவர்களுக்குக் கூரையைத் தாங்குகிறது, வெளியே நிற்பவர்களுக்கு எல்லையைச் சொல்கிறது. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூரைச் சொல்லிப் பெருமைப்பட்டார். அந்தப் பெருமையில் கல்வெட்டின் ஒரு பாதிதான் வாசிக்கப்பட்டது.

உத்திரமேரூருக்கும் மூத்தது நம் பக்கத்து மானூர்க் கல்வெட்டு. மாறஞ்சடையன் காலம், சுமார் கி.பி. 800. அங்கேயும் நிலமும் வேதமும்தான் தகுதி. கூடவே இன்னொரு விதி: சபையில் எதற்கெடுத்தாலும் 'அன்று, அன்று' என்று மறுத்துக் காரியத்தைத் தடுப்பவனுக்கு ஐந்து காசு தண்டம். இதை நான் தலைகீழாக வாசிக்கிறேன். ஒருவன் விடாமல் மறுத்துக்கொண்டிருக்காமல் இப்படி ஒரு விதி வந்திருக்குமா? அவன் வெறும் வம்புக்காரனாகவும் இருக்கலாம். ஆனால் அவன் சொன்னதைக் கல் வைத்துக்கொள்ளவில்லை. போட்ட தண்டத்தை மட்டும் வைத்திருக்கிறது. அதிகாரத்தின் பிரதியில் எதிர்க்குரல் தங்குவது இப்படித்தான்.

நம் காலத்தில் மறுப்பின் விலை காசோடு முடியவில்லை. 1997 ஜூன் 30, மேலவளவு: தனித்தொகுதியில் ஜெயித்த பஞ்சாயத்துத் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை தலித் தலைவர் ஒருவர் பொறுப்பில் இருக்கவே விடவில்லை. 1994ஆம் வருடச் சட்டம் எல்லார் பெயரையும் குடத்துக்குள் போட்டுவிட்டது. ஆனால் மண்டபத்தின் பழைய சுவர் ஊருக்குள் அப்படியே நிற்கிறது.

ஆகவே அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்கள் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒன்றைக் கவனியுங்கள். அது எந்தத் தெருவில் கூடுகிறது? யார் நாற்காலியில், யார் தரையில், யார் வாசலுக்கு வெளியே? 'இல்லை' என்று ஒருவர் சொன்னால், அது புத்தகத்தில் ஏறுகிறதா?