வலியை உறங்கவைக்கும் குளிர்

குளிர் உணர்வை மரத்துப்போகச் செய்யும் என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறது. நெப்போலியனின் படை மருத்துவரான லாரே, உறைபனியில் காயமுற்ற வீரர்களின் கை, கால்களை அகற்றியபோது அவர்கள் அதிக வலியை உணரவில்லை என்று குறிப்பிட்டார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டன் மருத்துவர் ஜேம்ஸ் ஆர்னாட், பொடித்த பனிக்கட்டியுடன் உப்பைக் கலந்து வலியைத் தணித்தார்.

நரம்பு மண்டலத்தின் ஆழத்துக்குக் குளிரைக் கொண்டுசெல்லும் கருவி 1961இல்தான் உருவானது. நியூயார்க்கைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர் இர்விங் கூப்பர், பொறியாளர் அர்னால்டு லீயுடன் இணைந்து, திரவ நைட்ரஜன் பாயும் மெல்லிய குழாய்க் கருவியை வடிவமைத்தார். மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம் அது. பார்கின்சன் நோயாளிகளின் நடுக்கத்தைக் குறைக்க, மூளையின் தலாமஸ் பகுதியில் ஒரு சிறு இடத்தை அவர் உறையவைத்து அழித்தார். 1960களின் இறுதியில் லெவோடோபா மருந்து வந்ததும் அத்தகைய அறுவைச் சிகிச்சைகள் வெகுவாகக் குறைந்தன.

ஆனால், குளிரின் பயன் அத்துடன் முடியவில்லை. 1976இல் பிரிட்டன் மருத்துவர் லாயிடும் அவருடைய சகாக்களும், மூளைக்கு வெளியே உள்ள நரம்புகளை உறையவைத்து வலியைப் போக்கும் முறையை 'லான்செட்' இதழில் விவரித்தனர். இன்றைய கருவிகள் பலவற்றில், உயரழுத்தத்தில் இருக்கும் நைட்ரஸ் ஆக்சைடு அல்லது கார்பன் டை ஆக்சைடு வாயு ஊசி போன்ற குழாயின் முனையில் திடீரென விரிவடைகிறது. அப்போது முனை கடுமையாகக் குளிர்ந்து, அதைச் சுற்றி ஒரு சிறு பனி உருண்டை உருவாகிறது. வாயு உடலுக்குள் கலப்பதில்லை; குழாய் வழியாகவே வெளியேறிவிடுகிறது.

இம்முறையின் சிறப்பு, அது எதை அழிக்காமல் விடுகிறது என்பதில் இருக்கிறது. உறைந்த இடத்தில் நரம்பிழையும் அதைச் சூழ்ந்த மயலின் உறையும் சிதைகின்றன. வலிச் செய்தி தடைபடுகிறது. ஆனால், நரம்பைத் தாங்கும் இணைப்புத் திசு உறைகள் சிதையாமல் நிற்கின்றன. அவற்றையே வழித்தடமாகக் கொண்டு நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை மீண்டும் வளர்கிறது. எனவே, நிவாரணம் பொதுவாகச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நீடிக்கிறது. திரவ நைட்ரஜனின் அளவுக்குக் குளிர் மிகுந்தாலோ அந்த உறைகளும் சேதமடையலாம். இங்கே மிகுதியான குளிர் மேலான குளிர் அல்ல.

இந்தத் தற்காலிகத் தன்மையே இன்று பெரிதும் பயன்படுகிறது. உட்குழிந்த மார்பைச் சீரமைக்க உலோகப் பட்டை பொருத்தப்படும் இளம் வயதினர் கடும் வலியை அனுபவிக்கிறார்கள். அவர்களின் விலா இடை நரம்புகளை உறையவைக்கும்போது ஓபியாய்டு வலிநிவாரணிகளின் தேவையும், மருத்துவமனையில் தங்கும் காலமும் குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சையிலும் இம்முறை கையாளப்படுகிறது. மருத்துவர் எழுதித்தந்த ஓபியாய்டு மாத்திரைகளிலிருந்தே பலர் அடிமைத்தனத்தில் வீழ்ந்த அமெரிக்காவில் இதன் முக்கியத்துவம் சொல்லாமலே விளங்கும்.

எனினும், இது எல்லா வலிக்குமான மருந்தன்று. தசைகளை இயக்கும் இழைகளும் கலந்த நரம்பை உறையவைத்தால் அந்த உறுப்பு தற்காலிகமாகச் செயலிழக்கும். மாதக்கணக்கில் மரத்துப்போன உணர்வு நீடிக்கலாம். நரம்பு மீளும்போது சிலருக்குப் புதிய வலியும் தோன்றலாம். வலியின் மூல காரணத்தை இது குணப்படுத்துவதுமில்லை. அதனால்தான் நாள்பட்ட வலிக்கு, முதலில் மரப்பு ஊசியால் அந்த நரம்பைத் தற்காலிகமாகத் தடுத்துப் பார்த்துவிட்டே பெரும்பாலும் உறையவைக்கிறார்கள்.

எந்த நரம்பு, எவ்வளவு காலம் மரத்திருக்கும், இடையில் எந்தச் செயல்பாடு பாதிக்கப்படும் என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை பெற்ற பிறகு நோயாளி சம்மதம் தருவதே முறை. ஆறுவதற்கு உடல் எடுத்துக்கொள்ளும் காலத்தை வலியின்றிக் கடக்க உதவுவதே இந்தக் குளிரின் வேலை. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.