சுவரில் பூசணம்: முதலில் நீரைத் தேடுங்கள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் நுரையீரல் மருத்துவப் பிரிவுக்கு வரும் நோயாளிகளிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறோம்: "வீட்டில் எந்தச் சுவரிலாவது ஓதம் ஏறியிருக்கிறதா? பூசணம் பிடித்திருக்கிறதா?" பலர் விடை சொல்லத் தயங்குகிறார்கள். பூசணம் படிந்த சுவரை வீட்டாரின் சுத்தக்குறைவுக்கு அடையாளமாகக் கருதிக் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் தேவையற்றது. நாள்தோறும் பெருக்கித் துடைக்கும் வீட்டிலும், ஒரு குழாய் கசிந்தால் பூசணம் வரும்.

எங்களிடம் சிகிச்சை பெற்ற ஒருவரின் அனுபவத்தை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். ஐம்பது வயதைக் கடந்த ஆஸ்துமா நோயாளி அவர். இன்ஹேலரால் கட்டுக்குள் இருந்த மூச்சிரைப்பு, மழைக்காலத்தில் மட்டும் மீறியது. மகள் வீட்டில் பத்து நாள் தங்கியபோது இருமல் குறைந்தது. தம் வீட்டுக்குத் திரும்பிய சில நாட்களில் மீண்டும் தொடங்கியது. படுக்கையறைப் பீரோவை நகர்த்திப் பார்த்தபோது அதன் பின்னாலிருந்த சுவர் முழுவதும் கறுத்திருந்தது. அச்சுவருக்கு அப்பால் குளியலறை. உறவினர்கள் வருவதற்குள் நீக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில், பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் ஒரே வாளியில் கலந்து, கதவைச் சாத்திக்கொண்டு அவரே தேய்த்தார். அன்றிரவு அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டு, ஆக்சிஜன் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் நலமடைந்து வீடு திரும்பினார். ஆனால் சில வாரங்களில் அதே சுவர் மீண்டும் கறுத்தது. குளியலறைக் குழாயின் கசிவை யாரும் கவனிக்கவில்லை.

இதில் நாம் அறிய வேண்டியவை இரண்டு. நீர்க்கசிவை நிறுத்தாமல் பூசணத்தை ஒழிக்க இயலாது. மேலும், தவறான முறையில் நீக்கினால், பூசணத்தைவிட அந்த முறையே பெருந்தீங்காக முடியும்.

பூசணம் என்பது என்ன?

பூசணம் என்பது பூஞ்சை எனப்படும் உயிரினத்தின் கூட்டம். அதன் விதை போன்ற நுண்துகள்கள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கின்றன. அவை இல்லாத வீடு இல்லை. அவை முளைத்து வளர்வதற்கு வேண்டிய உணவு சுவரின் அழுக்கிலும், பெயின்ட்டிலும், மரத்திலும், துணியிலும், காகிதத்திலும் இருக்கிறது. மீதம் வேண்டியது ஈரம் ஒன்றே. ஒரு பொருள் நனைந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்ந்துவிட்டால், பெரும்பாலும் பூசணம் பிடிப்பதில்லை. அதற்கு மேலும் ஈரம் நீடித்தால் அது வளரத் தொடங்கிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்வோரிடம் மூச்சுக்குழல் தொந்தரவுகளும் ஆஸ்துமாவும் கூடுதலாகக் காணப்படுவதை எடுத்துரைத்தது. இவ்வளவு பூஞ்சை வரை தீங்கில்லை என்று ஓர் அளவை வரையறுக்க இயலாது என்றும் அது கூறியது. ஆகவே, வீட்டுக் காற்றைப் பரிசோதனைக்கு அனுப்பிப் பணம் செலவிட வேண்டாம் என்றே சொல்கிறோம். கண்ணுக்குத் தெரியும் பூசணமும், மூக்குக்குத் தெரியும் புழுங்கல் நாற்றமும் போதுமான சான்றுகள்.

கறுப்பு நிறம் குறித்த அச்சம்

2021ஆம் ஆண்டில் கொரோனாவுக்குப் பின் வந்த 'கறுப்புப் பூஞ்சை' நோயை நம்மில் பலர் மறந்திருக்க முடியாது. அதனால், சுவரில் கறுப்புத் திட்டைக் கண்டதும் அதே நோய் வந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்நோயில் கறுப்பது பாதிக்கப்பட்ட உடல் திசுவே. பூஞ்சையின் நிறத்தால் வந்த பெயர் அன்று அது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருப்பவர்களையும், ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவில் பெற்றவர்களையும், எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களையுமே அது பெரும்பாலும் தாக்கியது. சுவரில் வளரும் பூசணம் கறுப்பாகவோ, பச்சையாகவோ, வெண்மையாகவோ இருக்கலாம். நிறத்தை வைத்து ஆபத்தை அளவிட முடியாது. எந்த நிறமாயினும் நீக்க வேண்டியதே.

யார் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்?

நல்ல உடல்நலம் உள்ள ஒருவருக்குப் பூசணத்தால் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு ஏற்படலாம். ஒன்றும் நேராமலும் போகலாம். கீழ்க்கண்டவர்களின் நிலை வேறு.

ஆஸ்துமா நோயாளிகளுக்கு இருமலும் மூச்சிரைப்பும் கூடும். சிலருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சைக்கு எதிராக மூச்சுக்குழலில் கடுமையான ஒவ்வாமை உருவாகி, சளி பழுப்பு நிறக் கட்டிகளாக வெளிவரும்.

முன்பு காசநோய் வந்து குணமானவர்களின் நுரையீரலில் குழிகள் எஞ்சியிருந்தால், அக்குழிகளில் இதே பூஞ்சை தங்கி வளரக்கூடும். சளியில் இரத்தம் வருவது அதற்கு ஓர் அறிகுறி.

புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், நீண்ட காலமாக ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோர் ஆகியோருக்குப் பூஞ்சை நுரையீரலுக்குள்ளேயே தொற்றாக மாறும் வாய்ப்பு உண்டு.

மேலே சொன்னவர்களும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களும், குழந்தைகளும் பூசணத்தை நீக்கும் வேலையில் ஈடுபடவே கூடாது. அவ்வேலை நடக்கும் நாளில் அவர்கள் வேறு வீட்டில் இருப்பது நல்லது. தேய்க்கும்போது காற்றில் பறக்கும் துகள்களின் அளவு, மற்ற நாட்களைவிடப் பன்மடங்கு கூடுதலாக இருக்கும்.

நீர் எங்கிருந்து வருகிறது?

துடைப்பதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். பூசணம் இருக்கும் இடமே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மேற்கூரையிலோ சுவரின் உச்சியிலோ இருந்தால், மொட்டை மாடியைப் பாருங்கள். தண்ணீர் வடியும் குழாயின் வாயில் சருகு அடைத்திருக்கலாம். தளத்தில் விரிசல் இருக்கலாம். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியலாம்.

குளியலறை, சமையலறைக்கு அடுத்த சுவரில் இருந்தால், உள்ளே செல்லும் குழாயில் கசிவு இருக்கக்கூடும். மழை இல்லாத நாட்களிலும் அவ்விடம் ஈரமாகவே இருப்பது இதை உறுதிப்படுத்தும்.

தரைத்தளத்தில், தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பட்டையாக இருந்தால், நிலத்தின் ஈரம் சுவரில் ஏறுகிறது எனலாம்.

பீரோவின் பின்னால், அறை மூலையில், பரணில் மட்டும் இருந்தால், காற்றோட்டக் குறைவே காரணமாக இருக்கும். வீட்டுக்குள் கொடி கட்டித் துணி உலர்த்துவதும், சமையலின் ஆவியும், சாத்திய சன்னல்களும் ஈரத்தைச் சேர்க்கின்றன.

ஐயம் இருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. கொத்தனாரையோ குழாய் வேலை செய்பவரையோ அழைக்க வேண்டும். தாளின் வெளிப்புறத்தில் நீர் கோத்திருந்தால் ஈரம் அறைக் காற்றில் இருக்கிறது; காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும்.

பாதுகாப்பாக நீக்கும் முறை

ஒரு கதவின் பாதி அளவுக்குள் அடங்கும் பூசணத்தை வீட்டிலேயே, நலமுள்ள பெரியவர் ஒருவர் நீக்கலாம். அதைவிடப் பெரிதாக இருந்தாலோ, கழிவுநீர் புகுந்த இடமாக இருந்தாலோ, அனுபவம் உள்ளவர்களிடம் விட்டுவிடுவது நல்லது.

1. என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடி ஆகியவற்றை அணியுங்கள். முகத்தில் கட்டும் துண்டு பூஞ்சைத் துகளைத் தடுக்காது.

2. மின்விசிறியையும் ஏ.சி.யையும் நிறுத்துங்கள். வீட்டின் பிற பகுதிக்குச் செல்லும் கதவைச் சாத்தி, வெளிப்புறச் சன்னலைத் திறந்துவையுங்கள். சுவரில் சுவிட்சுப் பலகை இருந்தால் மெயினை அணைத்துவிடுங்கள்.

3. உலர்ந்த பூசணத்தைத் துடைப்பத்தாலோ பிரஷ்ஷாலோ தட்டாதீர்கள். முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள்.

4. சோப்புத்தூள் கரைத்த தண்ணீரால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். டைல்ஸ், கண்ணாடி, உலோகம், பெயின்ட் அடித்த கெட்டியான சுவர் ஆகியவற்றுக்கு இதுவே போதும். இறந்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால், கொல்வதைவிட அகற்றுவதே முக்கியம்.

5. பயன்படுத்திய துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அணிந்திருந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். பிறகு அவ்விடம் முழுவதும் உலரட்டும்.

உள்ளே ஊறிய பூசணத்தைத் துடைத்து எடுக்க முடியாது. மெத்தை, தலையணை, ஜிப்சம் பலகை, உப்பிய பிளைவுட் ஆகியவற்றை விட்டுவிட வேண்டியதுதான். இழப்பு வருத்தம் தரும் என்பதை அறிவோம். ஆனால் நோயாளி இரவெல்லாம் முகம் வைத்துப் படுக்கும் தலையணை அது. துணிகளைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்திப் பயன்படுத்தலாம். உதிரும் காரையை நனைத்துச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். ஈரம் வற்றாத சுவரில் புதிய பெயின்ட் அடித்தால், அடுத்த மழைக்குள் அதையும் துளைத்துக்கொண்டு பூசணம் வெளிவரும்.

ஒருபோதும் கலக்காதீர்கள்

பிளீச்சிங் பவுடர் அல்லது பிளீச் திரவத்துடன் ஆசிட்டோ, கழிவறை கழுவும் திரவமோ, வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு உருவாகும். அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்துடன் சேர்ந்தாலும் நச்சு வாயு உருவாகும். இவை மூச்சுக்குழலை எரித்துப் புண்ணாக்கும். தவறுதலாக நேர்ந்துவிட்டால் வாளியைத் தூக்க முயலாமல் உடனே வெளியேறுங்கள். கண் எரிந்தால் தண்ணீரால் நெடுநேரம் கழுவுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் 108ஐ அழையுங்கள். முதலில் தணிந்ததுபோல் தோன்றி, சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் கூடுவது உண்டு. எனவே வீட்டில் காத்திருக்க வேண்டாம். நுரையீரல் நோயாளி உள்ள வீட்டில் பிளீச்சைத் தவிர்த்து, சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பானது.

ஏர் கூலரையும் கவனியுங்கள்

இந்தியாவின் 19 நகரங்களில் 1084 நுரையீரல் இடைத்திசு நோயாளிகளைப் பதிவுசெய்து 2017இல் வெளியான ஆய்வில், ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சி இருந்தது. அவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேர் ஏர் கூலர் பயன்படுத்தியவர்கள். கூலர் மட்டுமே காரணம் என்று இதைக் கொண்டு முடிவுகட்ட இயலாது. ஆயினும் நீர் தேங்கும் தொட்டியிலும் எப்போதும் ஈரமாக இருக்கும் திண்டிலும் பூஞ்சை வளர்வது இயல்பு. தொட்டி நீரை அடிக்கடி மாற்றுங்கள். பயன்படுத்தாத நாட்களில் வடித்து உலர்த்துங்கள். நாற்றம் வந்த திண்டை மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் கூலர் வேண்டவே வேண்டாம். அது அறையின் ஈரத்தைக் கூட்டும்.

மீண்டும் வராமல் காக்க

பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். சமைக்கும்போதும் குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிடுங்கள். மழை ஓய்ந்து வெயில் வரும் நேரத்தில் சன்னல்களைத் திறந்துவையுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே, புரட்டாசியில், மொட்டை மாடி வடிகுழாயைச் சுத்தம் செய்துவிடுங்கள். வீட்டில் வெள்ளம் புகுந்தால், நனைந்த துணியையும் மெத்தையையும் முதல் இரண்டு நாட்களுக்குள் வெளியேற்றுங்கள்.

வாடகை வீட்டில் இருப்போர், கசிவைச் சரிசெய்வது தம் கையில் இல்லை என்று வருந்துகிறார்கள். வீட்டில் நுரையீரல் நோயாளி இருப்பதையும், ஓதத்தால் அவர் உடல்நிலை கெடுவதையும் குறிப்பிட்டு, வீட்டு உரிமையாளரிடம் காட்டுவதற்கான மருத்துவக் கடிதத்தை எங்கள் பிரிவில் கேட்டுப் பெறலாம். சுவர் சீராகும் வரை நோயாளியின் கட்டிலை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

வீட்டில் இருக்கும்போது கூடி, வெளியூர் சென்றால் குறையும் இருமல் அல்லது மூச்சிரைப்பு. ஈரமான அறையில் இருந்த சில மணி நேரத்தில் வரும் காய்ச்சல், மூச்சுத்திணறல். பழுப்புச் சளிக்கட்டி ஆகியவை இருந்தால் காலம் தாழ்த்தாமல் வாருங்கள். சளியில் இரத்தம் வந்தாலோ, சர்க்கரை நோயாளிக்கு முகத்தில் ஒரு பக்க வலி, வீக்கம், மூக்கிலிருந்து கறுத்த கசிவு, பார்வை இரண்டாகத் தெரிதல் ஆகியவை தோன்றினாலோ அன்றே வர வேண்டும். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் அவ்வாறே. சுவரைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வரும்போது, அந்தச் சுவரைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். மார்புச் சுருள்படத்தைப் போலவே அதையும் நாங்கள் கவனமாகப் பார்ப்போம். தொடக்கத்தில் குறிப்பிட்டவரின் வீட்டில் பின்னர்க் குழாயை மாற்றினார்கள். சுவரை உலரவிட்டுப் பூசினார்கள். பீரோவை இடம் மாற்றினார்கள். அடுத்த கார்த்திகையில் அவர் வழக்கமான பரிசோதனைக்கு மட்டுமே எங்களிடம் வந்தார்.