அணுகுண்டு இருந்ததால்தான் போர் நின்றதா?

2025 மே 7 மாலை 4 மணிக்குக் கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் போர்க்கால ஒத்திகை நடந்தது. பாலக்காடும் இடுக்கியும் அதில் உண்டு. ஒன்றையொன்று தாக்கிக்கொண்டிருந்த இந்தியாவும் பாகிஸ்தானும் மே 10 மாலை 5 மணிக்குத் தாக்குதலை நிறுத்திக்கொண்டன. "ரெண்டு பேரிடமும் அணுகுண்டு இருக்கே, அந்தப் பயம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். பாதி சரி.

நிறுத்தியது யார்? அணுப்போரையே தடுத்தேன் என்கிறார் அமெரிக்க அதிபர் டிரம்ப். பாகிஸ்தான் ராணுவ அதிகாரி பிற்பகல் 3.35க்குப் போன் செய்தார், நேரடியாகப் பேசி முடித்தோம் என்கிறது இந்தியா. குண்டு இருப்பதால்தான் வெளிநாட்டுத் தலைவர்கள் இவ்வளவு பதறுகிறார்கள் என்பது என் கணிப்பு.

அப்படியானால் குண்டு இருந்தால் போரே வராதா? வரும். இரு நாடுகளும் 1998 மே மாதம் குண்டு சோதித்தன. அடுத்த ஆண்டே கார்கில் போர். ஆனால் போர் பரவவில்லை. நம் விமானங்கள் கட்டுப்பாட்டுக் கோட்டைத் (காஷ்மீரில் இரு படைகளையும் பிரிக்கும் எல்லை) தாண்டக் கூடாது என்று வாஜ்பாய் அரசு உத்தரவிட்டது. 1999 ஜூலை 4இல் அப்போதைய பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீப் வாஷிங்டனுக்கே போய், அமெரிக்க அதிபர் கிளின்டனிடம் தன் படையைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டார். அதற்குள் டோலோலிங் சிகரத்தை நம் வீரர்கள் மீட்டிருந்தார்கள். டைகர் ஹில் அதே நாளில் கைக்கு வந்தது. இந்தப் போரில் இறந்த நம் வீரர்கள் 527 பேர். அவர்களை மறந்துவிட்டு குண்டுதான் முடித்தது என்றால் எனக்கு ஒப்பாது.

ஜப்பான்? ஹிரோஷிமா, நாகசாகியில் அணுகுண்டு விழுந்த பிறகு சரணடைந்தது உண்மை. குண்டு விழுந்த அதே வாரம் சோவியத் யூனியனும் அதன் மீது போர் தொடுத்தது. எது பெரிய காரணம் என்று இன்னும் வாதிடுகிறார்கள்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தைத் தாக்கினால் நம் கதி? அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று இரு நாடுகளும் 1988இல் ஒப்பந்தம் போட்டன. ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. பகை முற்றிய காலத்திலும் இந்தப் பரிமாற்றம் நிற்கவில்லை.

போர்க்காலத்தில் சைரன் ஊதினால் என்ன செய்வது? ஏறி இறங்கி ஊதினால் ஆபத்து: கட்டடத்துக்குள் போங்கள், ஜன்னலை விட்டு விலகுங்கள், இரவென்றால் விளக்கை அணையுங்கள். ஒரே சீராக ஊதினால் ஆபத்து நீங்கியது. ஆனால் கேரள அரசின் 'கவசம்' சைரன்கள் மழை, வெள்ள எச்சரிக்கைக்கும் ஊதும். ஜூன், ஜூலையில் மூணாறு பக்கம் சைரன் கேட்டால் போர் என்று பதறாதீர்கள். முதலில் மண்சரிவை நினையுங்கள். எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வீட்டு வரிசைகள்) சத்தம் எட்டாமலும் போகலாம். சந்தேகமென்றால் வாட்ஸ்அப் வீடியோவை நம்பாமல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077இல் கூப்பிடுங்கள்.