சிலரை மட்டும் சிகரெட் ஏன் விடாது?

இரண்டு பேர் ஒன்றாகப் புகைக்கத் தொடங்குகிறார்கள். ஒருவர் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்கிறார். மற்றவர் பாக்கெட்டையே காலி செய்கிறார். மன உறுதி மட்டும்தான் வித்தியாசமா?

நிகோடின் மூளைக்குப் போனதும் டோபமைன் சுரக்கிறது, சுகம் தெரிகிறது. அளவு மிஞ்சினால் அதே நிகோடின் குமட்டலையும் வெறுப்பையும் கிளப்பும். ‘போதும்’ என்று தடுக்கும் இந்தச் செய்தி, ஹபெனுலா என்ற சின்னஞ்சிறு பகுதியிலிருந்து கிளம்பும் நரம்புப் பாதையில் போகிறது. அங்கே நிகோடினைப் பிடிக்கும் ஏற்பியின் ஒரு பாகத்தை உருவாக்குவது, 15ஆம் குரோமோசோமில் உள்ள சிஎச்ஆர்என்ஏ5 மரபணு. அதில் ஓர் எழுத்து மாறினால் போதும்: புரதத்தின் 398ஆம் இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதில் ஆஸ்பரஜின் வந்து உட்காரும். ஏற்பி மந்தமாகும், தடை தளரும். இந்த மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள், மற்றவை ஒதுங்கிக்கொள்ளும் அளவையும் தாண்டி நிகோடினைத் தேடியதை 2011இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதைத் தலைவிதி என்று சொல்வது பெரிய தவறு. புகைப்பவர்களிடம் இந்த மாற்றத்தின் ஒவ்வொரு பிரதிக்கும் கூடுவது, சராசரியாக நாளுக்கு ஒரு சிகரெட் அளவுதான். மற்ற மரபணுக்களும் வளர்ந்த சூழலும் சேர்ந்துதான் பழக்கத்தை இறுக்குகின்றன. விட முடியாமல் தவிப்பவரைத் திட்டாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.